மறுமொழியில் தொடங்குவோம்: வளர்ந்தோருக்கான ஆங்கில உரையாடல் பாடம் குறித்து

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடி அறைகளில் நடக்கும் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புகளுக்குப் பலரும் வருகிறார்கள். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பட்டதாரி, வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் புறப்படவிருக்கும் தாய், வெளிமாநில வாடிக்கையாளரோடு பேச வேண்டிய கடைக்காரர். பெரும்பாலோர் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தவர்கள். வாசித்தால் ஓரளவு புரியும். வாய் திறந்தால்தான் வருவதில்லை. இவர்களுக்கு முதல் வாரத்திலேயே கரும்பலகையில் 12 காலங்களின் அட்டவணை எழுதப்படுகிறது. பள்ளியில் கேட்காத மருந்தையே மறுபடியும் கொடுக்கிறோம்.

வளர்ந்தோருக்கான உரையாடல் பாடம், மறுமொழி சொல்லவும் புரியாதபோது திருப்பிக் கேட்கவும் பழக்குவதில் தொடங்க வேண்டும். வாக்கிய இலக்கணம் அதன் பின்னால் வரட்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதற்காரணம் நேரம். டான்யா ஸ்டைவர்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம் உள்ளிட்ட 10 மொழிகளின் இயல்பான பேச்சை அளந்தது. கேள்வி முடிந்து விடை தொடங்குவதற்கு இடையே சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடியே இருந்தது. ஆனால் படத்தில் காணும் ஒரு பொருளின் பெயரைச் சொல்லத் தொடங்கவே சுமார் 600 மில்லி விநாடி பிடிக்கும் என்பது ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டிய உண்மை. ஆகவே எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் விடையைத் தயாரித்துவிடுகிறோம். தமிழில் யோசித்து, வினைக்குக் காலம் தேடி, மனத்துக்குள் மொழிபெயர்த்து முடிப்பவருக்கு இந்த நேரம் போதவே போதாது. அவர் தயங்குவதை அறிவுக்குறையாகவோ கூச்சமாகவோ காண்பது தவறு. அவருக்குக் கற்பித்த வழிதான் நீளமானது.

அந்த நீளத்தை வகுப்பறையே கூட்டுகிறது. 'ஹேவ் யூ ஹேட் யுவர் லஞ்ச்?' என்று ஆசிரியர் கேட்கிறார். மாணவர், 'யெஸ், ஐ ஹேவ் ஹேட் மை லஞ்ச்' என்று முழு வாக்கியமாகச் சொன்னால்தான் பாராட்டு. தேர்வுத் தாளின் 'முழு வாக்கியத்தில் விடையளிக்க' என்ற கட்டளை வாய்ப்பேச்சிலும் ஆட்சி செய்கிறது. 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால் தமிழில் நாம் 'ஆச்சு, நீங்க?' என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலம் பேசுவோரும் 'யெஸ், ஜஸ்ட் நவ். யூ?' என்று அப்படியேதான் முடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சிறு 'யூ?' தான் பேச்சை உயிரோடு வைத்திருப்பது. அதைத்தான் எந்த அட்டவணையும் கற்பிப்பதில்லை.

இவ்விடத்தில் தமிழருக்கு ஒரு முன்பயிற்சி உண்டு. இரட்டை வழக்கு பற்றி சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே தமிழும் சுட்டப்பட்டது. எழுதுவது வேறு, பேசுவது வேறு என்பதைக் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிந்தவர்கள் நாம். பாடநூல் தமிழில் காய்கறிக்காரரிடம் பேரம் பேச யாரும் முனைவதில்லை. இந்த அறிவை ஆசிரியர் வகுப்பில் வெளிப்படையாக நினைவூட்டினால், குறுகிய விடைகளைப் பிழை என்று எண்ணும் அச்சம் விலகும்.

அடுத்தது திருப்பிக் கேட்டல். மார்க் டிங்கெமன்சே முதலானோர் 12 மொழிகளில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாரேனும் 'என்ன?', 'யாரு?' என்று கேட்டுப் பேச்சைச் சரிசெய்கிறார்கள். இவர்கள் தத்தம் தாய்மொழியில் பேசியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. நம் மாணவரோ புரியாதபோது தலையாட்டிவிட்டு மௌனமாகிறார். திருப்பிக் கேட்பது அவமானம் என்று நினைக்கிறார். 'சாரி?', 'விச் ஒன்?', 'யூ மீன் டுமாரோ?' ஆகிய மூன்றும் வாயில் பழகிவிட்டால், குறைந்த சொற்களோடும் ஒருவர் மருத்துவமனையிலோ விமான நிலையத்திலோ சமாளித்துக்கொள்வார். மூன்றில் கடைசியே சிறந்தது என்பேன். கேட்டதில் எவ்வளவு புரிந்தது என்பதையும் அது காட்டிவிடுகிறது.

மரியாதையையும் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். பெனலோப் பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் இருவரும் பணிவு பற்றிய தம் கோட்பாட்டுக்கு ஆங்கிலத்தோடு தமிழையும் முதன்மைச் சான்றாகக் கொண்டார்கள். தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே அமைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதைக் கேட்கும் பாணியில் ஏற்ற வேண்டும். பணிவோடு கேட்க நினைத்த தாய் 'கிவ் மீ வாட்டர்' என்று சொல்லி, அதட்டுபவராகத் தோன்றுவது இதனால்தான். 'குட் ஐ ஹேவ் சம் வாட்டர்?' என்பதை இலக்கண விளக்கமின்றி ஒரே மூச்சுத் தொடராகப் பழக்கலாம்.

இலக்கணம் இல்லாமல் பேச்சு கொச்சையாகிவிடாதா என்ற மறுப்பு நியாயமானதே. வாக்கியப் பாடமின்றிப் பணிகள் வழியே மொழியைக் கற்பித்த என். எஸ். பிரபுவின் பெங்களூர்த் திட்டம் (1979–84) பள்ளிச் சிறுவர்களிடையே நடந்தது. அதை வளர்ந்தோருக்கு அப்படியே பொருத்த முடியாது. வளர்ந்தவர் காரணம் கேட்பார், கேட்கவும் வேண்டும். ஆனால் தாம் ஏற்கெனவே பத்து முறை சொன்ன தொடரின் அமைப்பை விளக்கும்போது இலக்கணம் அவருக்கு விடையாக வருகிறது. முதல் நாளே வந்தால் தடையாக நிற்கிறது.

பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரத்திலிருந்து கால அட்டவணையை எடுத்துவிடுங்கள். அந்த மணிநேரங்களில் மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து ஒருவரையொருவர் கேட்கட்டும், புரியாவிட்டால் கூச்சமின்றித் திருப்பிக் கேட்கட்டும். தேர்விலும் முழு வாக்கியத்துக்குத் தரும் மதிப்பெண்ணை, பேச்சைத் தொடரவைக்கும் மறுமொழிக்கும் கொடுங்கள்.