சுண்ணாம்பா, அமோனியாக்கா?

தேனீ கொட்டினால் வெற்றிலைப் பெட்டியைத் தேடுவது நம் வீடுகளின் வழக்கம். புதுச்சேரியில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. பாட்டி சுண்ணாம்பைத் தடவுவார்; பிரெஞ்சு படித்த பெரியப்பா அமோனியாக் சீசாவைத் திறப்பார். நெடியில் எங்களுக்கு வலியே மறந்துபோகும்!

இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே சொல்லப்பட்டது. தேனீயின் நஞ்சு ஃபார்மிக் அமிலம், அதைக் காரத்தால் முறிக்கலாம் என்பார்கள். எறும்புக்குப் பிரெஞ்சில் 'ஃபுர்மி'. அந்த அமிலத்தை எறும்பிலிருந்து முதலில் வடித்தெடுத்தது 17ஆம் நூற்றாண்டில். தேனீக்கும் அதுவே இருக்கும் என்று வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் தேனீ நஞ்சில் பெரும்பங்கு மெலிட்டின் என்னும் புரதப் பொருள். அது இறங்குவதும் தோலுக்கு அடியில். மேலே பூசும் சுண்ணாம்பு அங்கே எட்டாது.

கொடுக்கைக் கிள்ளி எடுக்கக்கூடாது, நஞ்சுப்பை பிதுங்கும், கத்தி முனையால் வழித்துத்தான் எடுக்கவேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. கலிபோர்னியாவில் பூச்சியியல் அறிஞர்கள் தங்கள் உடம்பிலேயே கொட்டவைத்துப் பார்த்து 1996இல் எழுதினார்கள்: கிள்ளினாலும் வழித்தாலும் ஒன்றுதான், தாமதிக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் தடிப்பு பெரிதாகிறது. கத்தி தேடிப் போகிற நேரம்தான் கெடுதல். நகத்தாலேயே எடுத்துவிட்டு, கழுவி, ஐஸ் வைத்தால் போதும். (குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை.)

உயிர் போகும் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதைக் கண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெரின் கப்பலில் போன ரிஷே, போர்த்தியே இருவரும் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பி, கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினார்கள். அம்மை குத்தினாற்போல் எதிர்ப்பு உண்டாகும் என்று எண்ணம். நெப்டியூன் என்ற நாய் முதலில் தாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்துக் கொஞ்சமே கொடுத்தபோது அரை மணிக்குள் செத்தது. இதற்கு 'அனாஃபிலாக்ஸி' என்று 1902இல் பெயரிட்டார்கள். 1913இல் நோபல் பரிசு ரிஷேவுக்கு மட்டும், போர்த்தியேவுக்கு இல்லை. கோப்பு எழுதியே காலம் கழித்த எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

தேனீ நஞ்சும் சிலருக்கு இப்படித்தான் செய்கிறது. "எனக்கு முன்பே கொட்டியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை" என்பது பாதுகாப்பு அல்ல. உடம்பெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் என்று எது வந்தாலும் வேண்டியது அட்ரினலின் ஊசி. 108ஐ அழையுங்கள், பெட்டியைப் பிறகு தேடலாம்.