மூன்றில் ஒரு பங்கு: இயலாமை ஓய்வூதியத்தின் கதை

அரசுக் கடிதங்களைக் கொண்டுவந்து விளக்கம் கேட்கும் பெற்றோர் எங்கள் பள்ளியில் உண்டு. அண்மையில் ஒரு மாணவனின் தாயார் சொக்சோவின் இயலாமை ஓய்வூதிய விண்ணப்பத்தோடு வந்தார். கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. “இவ்வளவு பெரிய நோய்க்குமா ஐயா தகுதி பார்க்கிறார்கள்?” என்று கேட்டார். ஒரு வரியில் விடை சொல்ல முடியவில்லை. வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

மலாயாவில் 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வேலையிடத்து விபத்துக்கும் தொழிலால் வந்த நோய்க்குமே இழப்பீடு தந்தது. பால்மரம் வெட்டப் போன இடத்தில் விழுந்து கால் முறிந்தால் கணக்குண்டு. அதே காலைச் சர்க்கரை நோய்க்குப் பறிகொடுத்தால் கணக்கில்லை. அத்தகையவரை இச்சட்டம் தாங்கவில்லை, குடும்பம்தான் தாங்கியது.

இந்நிலையை மாற்றியது 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம். 1971இல் சொக்சோ செயற்படத் தொடங்கியது. வேலை விபத்துக்கு ஒரு திட்டம், இயலாமைக்கு மற்றொன்று. இரண்டாவதில், நோய் எங்கே, எதனால் வந்தது என்ற கேள்வியே இல்லை. என் பார்வையில் இச்சட்டத்தின் பெரிய கொடை இதுதான்.

எனினும் நோயின் பெயர் மட்டுமே தகுதி ஆகிவிடாது. இயலாமை நிலையானதாகவோ குணமாகும் வாய்ப்பற்றதாகவோ இருக்கவேண்டும். அதனால், நலமுள்ள தொழிலாளி ஒருவர் வழக்கமாக ஈட்டும் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நோயாளியால் உழைத்து ஈட்ட முடியாமற் போயிருக்கவேண்டும். மருத்துவக் குழு அதை உறுதிசெய்யும். இந்த ‘மூன்றில் ஒரு பங்கு’ புதிய அளவுகோல் அன்று. 1889இல் இயலாமைக் காப்புறுதிச் சட்டம் கண்ட ஜெர்மனி, 1911ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத் தொகுப்பில் இதே பங்கைத்தான் வைத்திருந்தது. ஆக, சட்டம் அளப்பது வலியை அன்று, ஈட்டும் ஆற்றலை.

அடுத்தது சந்தா. பலர் இடறுவது இங்கேதான். விண்ணப்பத்திற்கு முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால் முழு ஓய்வூதியத் தகுதி உண்டு. நான்காம் வகுப்புக் கழித்தல் கணக்குதான்: 40இல் 24 போனால் 16. இடைவிடாமல் சந்தா கட்டியவரும், வேலையை விட்டபின் 16 மாதங்களுக்கு மேல் “பார்க்கலாம், சரியாகிவிடும்” என்று வீட்டிலிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். நம்மவர் நாட்டு மருந்து, நேர்த்திக்கடன் என்று கழிக்கும் காலம் பெரும்பாலும் இந்தப் பதினாறு மாதங்களே! வேறு வழியும் உண்டு. காப்புறுதியில் சேர்ந்த நாள்தொட்டு உள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருந்தால் முழுத் தகுதி. மூன்றில் ஒரு பங்கென்றால் குறைக்கப்பட்ட ஓய்வூதியம். இரண்டிலும் 24 மாதச் சந்தாவேனும் வேண்டும். முழு ஓய்வூதியம் சராசரி ஊதியத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை.

முதலாளி பதிவே செய்யாத ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை வேறு. அதைத் தனியே எழுதவேண்டும்.

அந்தத் தாயார் கொண்டுவந்த சம்பளச் சீட்டுகளை மேசைமேல் பரப்பி எண்ணினோம். கணவர் வேலையை விட்டு 14 மாதங்கள் ஆகியிருந்தன. எஞ்சிய 26 மாதங்களுக்கும் சந்தா பிடித்திருக்கிறார்கள். விண்ணப்பம் அந்த வாரமே போயிற்று. இப்போது மருத்துவக் குழுவின் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.