ஸ்டெப்னி என்றொரு தெரு

ஸ்டெப்னி என்ற சொல்லை அறியாத ஓட்டுநர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. தெருப்பேச்சில் அது வேறு சில பொருள்களையும் (அவ்வளவாக மரியாதையற்ற பொருள்கள்) பெற்றுவிட்டது. ஆனால் இங்கிலாந்துக்குப் போய் ஒரு மெக்கானிக்கிடம் ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்டால், கிழக்கு லண்டனில் அதே பெயரில் உள்ள பகுதிக்கு அவர் வழி சொல்லக்கூடும். பிறந்த நாட்டில் வழக்கொழிந்த சொல் இது. இந்தியாவிலும் மால்டாவிலும் உயிரோடிருக்கிறது. பிரேசிலின் போர்த்துகீசியத்தில் 'எஸ்டெப்பி' என்று உருமாறி உலவுகிறது.

லண்டன் ஸ்டெப்னிக்கும் இதற்கும் உறவில்லை. வேல்ஸின் தென்கரையில் லனெல்லி என்று ஒரு தகர ஆலை நகரம் உண்டு. அந்நகரத்துத் தெருக்களில் ஒன்று ஸ்டெப்னி தெரு. 1904-இல் அங்கே தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் ஓர் உபரிச் சக்கரத்தை உருவாக்கினார். தெருவின் பெயர் சக்கரத்திற்கு ஒட்டிக்கொண்டது.

இன்று நமக்கு இது ஒரு கண்டுபிடிப்பாகவே தோன்றாது. நான்கு சக்கரம் உள்ள வண்டிக்கு ஐந்தாவதாக ஒன்றை எடுத்துப் போக ஒரு மேதை வேண்டுமா என்ன? அன்றைய நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். காரின் சக்கரங்கள் மரக்கால்கள் கொண்டவை, அச்சில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டவை. சக்கரத்தைக் கழற்றி மாற்றுவது என்ற கருத்தே பரவலாகவில்லை. சாலைகளோ குதிரைகளின் சாலைகள். லாட ஆணிகள் எங்கும் சிதறிக் கிடந்தன. பஞ்சர் ஆனால் வழியிலேயே அமர்ந்து, டயரை நெம்பிப் பிரித்து, டியூபை உருவி, ஒட்டி, மீண்டும் உள்ளே திணித்து, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். டேவிஸ் செய்தது, ஆரக்கால்களே இல்லாத ஒரு வெறும் வளையத்தில் காற்றடித்த டயரை மாட்டி வைத்தது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கவாட்டில் இதைக் கவ்விகளால் இறுக்கிவிட்டு வீடு போய்ச் சேரலாம். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவு' அன்றைய ஓட்டுநருக்கு அரைநாளை மிச்சப்படுத்தியது.

அன்று பஞ்சர் என்பது விபத்தாகக் கருதப்படவில்லை. பயணத்தின் ஓர் அங்கம் அது. 1895-இல் பாரீஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் மிஷலான் சகோதரர்கள் முதன்முறையாகக் காற்றடித்த டயர் பூட்டிய காரை ஓட்டினார்கள். ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். இருபத்திரண்டு டியூபுகள் தீர்ந்ததாகச் சொல்வார்கள். விதித்த நூறு மணி நேரத்திற்குள் வந்து சேர முடியவில்லை. முதலில் வந்த வண்டி கெட்டி ரப்பர் சக்கரத்தில் ஓடியது. ஆனாலும் காற்றில் மிதந்து ஓடிய அந்தத் தோல்வியைத்தான் உலகம் பின்பற்றியது.

காற்றின் மேல் வண்டி ஓட்டும் எண்ணம் அதற்கும் ஐம்பது வருடம் மூத்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-இல், தம் 23-ஆம் வயதில், ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றடைத்துத் தோலுறை போர்த்திய சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 'ஆகாயச் சக்கரங்கள்' என்பது அவர் வைத்த பெயர். குதிரை வண்டிகளில் அவை ஓசையின்றி ஓடின. ஆனால் ரப்பர் விலை அதிகம், தேவையோ இல்லை. எண்ணம் மறந்துபோனது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மீண்டும் கண்டுபிடித்தார். இரண்டு வருடம் கழித்து அவருடைய காப்புரிமை செல்லாது என்றார்கள், தாம்சன் முந்திவிட்டிருந்தார். இடைப்பட்ட காலத்தில் சைக்கிள் வந்துவிட்டிருந்தது, அதுதான் வேறுபாடு. கண்டுபிடிப்புகள் காத்திருக்கவேண்டியிருக்கிறது.

டன்லப்பின் டயருக்குப் பிறகு உலகின் ரப்பர் பசி அடங்கவில்லை. அந்தப் பசிக்கு முதலில் இரையானது காங்கோ. பெல்ஜிய அரசர் லியோபோல்டின் ஆட்சியில், குறித்த அளவு ரப்பர் கொண்டு வராத கிராமங்களில் வெட்டப்பட்ட கைகளைப் பற்றி ரோஜர் கேஸ்மென்ட் எழுதிய அறிக்கை 1904-இல் வெளியானது. ஸ்டெப்னி பிறந்த அதே ஆண்டு! அடுத்தது மலாயா. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த எழுபதாயிரம் விதைகளில் பெரும்பாலானவை முளைக்கவில்லை. முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கும், அடுத்த வருடம் இருபத்திரண்டு நாற்றுகள் சிங்கப்பூருக்கும் வந்தன. அங்கே தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரம் சாகாமல் பால் வெட்டும் முறையை வகுத்துக் கொடுத்தார். 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வந்ததும் காடுகள் தோட்டங்களாயின. வெட்டியவர்கள் யார் என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. கங்காணிகள் கூட்டிச் சென்ற நம் கிராமத்து மக்கள் விடியுமுன் எழுந்து 'பால்மரம்' வெட்டினார்கள். காட்டு ரப்பரின் கொள்ளை விலையைத் தோட்ட ரப்பர் உடைத்தது. டயர் சாமானியனின் பொருளானதில் தமிழனின் கை இருக்கிறது. அவனுடைய லயத்து வாசலில் கார் நிற்கவில்லை என்பது வேறு கதை.

மீண்டும் ஓட்டுநரிடம் வருவோம். டயர் மோசமாக இருந்தவரை ஓட்டுநர் கவனமாக இருந்தார். 1900-இல் மிஷலான் நிறுவனம் இலவசமாக வினியோகித்த கையேடு (இன்று உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்குவது இதன் வழித்தோன்றல்தான்) டயரைக் கழற்றுவது, ஒட்டுவது பற்றி விரிவாகவே பேசியது. நம் ஊரிலும் அப்படித்தான். அம்பாசடர், பத்மினி காலத்து ஓட்டுநர்கள் வண்டியை எடுக்குமுன் நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்ப்பார்கள். லாரி கிளீனர் இரும்புக் கம்பியால் தட்டி ஓசையைக் கேட்பார். 'டங்' என்றால் நலம், 'தொப்' என்றால் கோளாறு. சாலையோரத்தில் பழைய டயரைத் தொங்கவிட்ட பஞ்சர் கடைகளில், தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிய டியூபிலிருந்து குமிழி வரும் இடத்தை நாமும் குனிந்து தேடியிருக்கிறோம். அது ஓர் அறிவு. அந்த அறிவு தேவையற்றதாகிக்கொண்டே வந்ததுதான் பிற்பகுதி வரலாறு.

1946-இல் மிஷலான் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் டியூப் இல்லாத டயரை அறிவித்தது. இவ்விரண்டும் சேர்ந்து பல பத்தாண்டுகளில் நம்மிடம் வந்து சேர்ந்தபோது, ஆணி குத்தினாலும் காற்று உடனே இறங்காத, பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் டயர் கிடைத்தது. நல்லதுதான். ஆனால் ரேடியலின் பக்கச்சுவர் இயல்பிலேயே மெலிது. காற்று சரியாக இருக்கும்போதும் கீழே சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். எனவே குறைந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது, உதைக்கும் காலுக்கும் புரியாது. பழைய டயர் அடிக்கடி முனகி எச்சரித்தது. புதியது மௌனமாகத் தாங்கிக்கொண்டு ஒரு நாள் வெடிக்கிறது.

வெடிப்பதற்கான காரணம் பெரும்பாலும் அதிகக் காற்று அன்று, குறைந்த காற்று. நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார்ச் சக்கரம் வினாடிக்குப் பதினான்கு முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் தரையைத் தொடும் பகுதி மடங்கி நிமிர்கிறது. காற்றுக் குறைந்தால் மடிப்பு ஆழமாகும். ரப்பர் உள்ளுக்குள் சூடேறும். எஃகு இழைகளும் ரப்பரும் ஒட்டிய இடம் விட்டுக்கொடுக்கும். கோடையில் காற்றைக் குறைத்து ஓட்டவேண்டும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. நான் கேட்ட அறிவுரைகளிலேயே ஆபத்தானது இதுதான். வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்கவேண்டும். சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கக்கூடாது. எத்தனை பவுண்டு என்பது ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய பட்டியிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ எழுதியிருக்கும். டயரின் மேலேயே பொறித்திருக்கும் எண் அதன் உச்ச வரம்பு. அதை அளவாகக் கொள்வது தவறு.

இதற்கு உலகம் கொடுத்த விலை ஒரு சட்டமாகவே பதிவாகியிருக்கிறது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடும்போதே டயரின் மேல்பட்டை உரிந்து வண்டிகள் உருண்டன. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறைக்கு வந்த புகார்களில் இறந்தவர்களின் எண்ணிக்கை 271. ஃபோர்டு பரிந்துரைத்த 26 பவுண்டு குறைவு என்றது ஃபயர்ஸ்டோன். டயரே கோளாறு என்றது ஃபோர்டு. எஃகுப் பட்டைகளின் அமைப்பில் குறை இருப்பதாக அரசின் விசாரணை பின்னர் கூறியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உறவு 2001-இல் முறிந்தது. இதன் விளைவாக வந்த சட்டத்தின்படி, 2007 செப்டம்பருக்குப் பின் அமெரிக்காவில் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமாயிற்று.

அக்கருவி நம் நாட்டு வண்டிகளிலும் வந்துவிட்டது. அதை நம்பி அளவுமானியை மறந்தவர்கள் நிறையப் பேர். அமெரிக்க விதி கேட்பது, அளவு கால்பங்கு குறைந்தபின் விளக்கு எரியவேண்டும் என்பதே. அதாவது 32 பவுண்டு இருக்கவேண்டிய டயர் 24-க்கு இறங்கும்வரை விளக்கு எரியாமல் இருக்கலாம். 27 பவுண்டில் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறவருக்கு எச்சரிக்கை எதுவும் வராது. 2012-இல் திறக்கப்பட்ட யமுனா விரைவுச்சாலை போன்ற நீண்ட சிமெண்ட் சாலைகளில் டயர் வெடிப்பு பெருங்கவலையாக எழுந்தது வியப்பில்லை. ஊருக்குள் நாற்பதில் ஓடிப் பழகிய டயர் அங்கேதான் முதன்முறையாக மணிக்கணக்கில் நூறில் ஓடுகிறது. புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கும் நாம், அதே குனிதலில் வால்வு மூடியையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். வெடித்தே விட்டால், பிரேக்கை அழுத்தி மிதிக்கத் தூண்டும் காலை அடக்கவேண்டும். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வண்டி தானாக வேகம் இழந்தபின் ஓரம் கட்டவேண்டும்.

இத்தனை அலட்சியத்திலும் மிகுந்த அலட்சியத்திற்கு ஆளானது டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிதான். ஓடாத டயரிலும் காற்று மாதந்தோறும் கசியும். ஓடாத ரப்பரும் மூப்படையும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு: 2319 என்றிருந்தால் 2019-இன் இருபத்து மூன்றாம் வாரத்தில் பிறந்தது என்று பொருள். பல கார் நிறுவனங்கள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன, டயர் நிறுவனங்கள் பத்தைத் தாண்டவேண்டாம் என்கின்றன. பட்டன் தேயாமல் பளபளப்பாக இருக்கும் ஸ்டெப்னி, வண்டியிலேயே கிழடான டயராகவும் இருக்கக்கூடும். இப்போது பல வண்டிகளில் ஸ்டெப்னி மற்ற நான்கைவிட ஒல்லியாகத்தான் வருகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதே என்று அதன்மேல் ஒட்டியிருப்பதை, அதை மாட்டும் நிலைமையில் யார் படிக்கிறார்கள்?

2020-இல் இந்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூப் இல்லாத டயரும், அழுத்தக் கண்காணிப்புக் கருவியும், பஞ்சர் பழுதுபார்க்கும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. லனெல்லித் தெருவில் பிறந்த பொருள் தன் பெயர் கடைசியாக வாழ்ந்த நாடுகளில் ஒன்றிலும் டிக்கியைக் காலி செய்யத் தொடங்கியிருக்கிறது. அதன் இடத்தில் ஒரு சிறு பம்பும், ஓட்டையை அடைக்கும் திரவப் புட்டியும் இருக்கும். ஆணித் துளையை அது அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. புட்டியின் மேல் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கிறது.