பெத்ரிக் ஸ்மெதனாவின் துயரமும் சங்கீதமும்

துயரமே சங்கீதத்தை விளைக்கிறது என்று பலரும் எளிதிற் சொல்லிவிடுகின்றனர். எத்துயரம் எந்த உருப்படியில் எவ்விதம் புகுந்தது என்று விசாரிப்பவர் சிலரே. அவ்விசாரணைக்குப் பொஹீமியா தேசத்து வித்துவான் பெத்ரிக் ஸ்மெதனாவின் சரித்திரம் மிகவும் ஏற்றதென்பது நமது துணிபு.

1824-ஆம் வருஷத்திற் பிறந்த இவர், 1854 முதல் 1856 வரையில் தம் நான்கு பெண்மக்களுள் மூவரைப் பறிகொடுத்தார். மூத்தவளான பெத்ரிஷ்கா இசை நாட்டம் வாய்ந்த குழந்தை. ஐந்து வயது நிரம்புமுன்னர் 1855-இல் மாண்டாள். அவ்வருஷ முடிவுக்குள்ளேயே பியானோ, பிடில், செல்லோ என்னும் மூன்று வாத்தியங்களுக்கு ஓர் உருப்படி இயற்றி அரங்கேற்றினார். கேட்டோர் அதனைப் பெரிதாக மதித்திலர். 1859-இல் மனைவியாரும் காலமாயினர்.

நிற்க. 1874-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் இவருடைய இரு செவிகளும் முற்றும் கேளாதொழிந்தன. பிராக் நகர நாடகசாலையில் வாத்திய கோஷ்டியை நடத்திவந்த உத்தியோகமும் போயிற்று. அடுத்த மாதம் 20-ந் தேதி தொடங்கி, மூன்று வாரத்துக்குள் வல்தவா நதியைப் பற்றிய பெரிய உருப்படியை எழுதி முடித்தார்! முதல் ஊற்றைக் குறிக்கும் புல்லாங்குழல்களோடு பிறந்து, வேட்டையும் கலியாணக் கூத்தும் நிலவொளியும் கடந்து பிராக் நகரை அடையும் அவ்வாற்றினிடத்தே, செவியிழந்தவருடைய புலம்பலைத் தேடினும் காணோம். தேசத்துக்குரிய இசையில் வீட்டுத் துக்கத்தைக் கலத்தல் தகாதென்று கருதினார் போலும்.

அத்துக்கத்துக்கு வேறோர் இடம் வைத்திருந்தார். 1876-இல், எஞ்சிய மகளின் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், இரண்டு பிடில், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கிற்கு மட்டும் ‘என் வாழ்க்கையிலிருந்து’ என்னும் உருப்படியை இயற்றினார். நெருங்கிய நண்பர் நால்வர் ஓர் அறையிலிருந்து மனம்விட்டுப் பேசுதல் போன்றது அது. அதன் கடைசிப் பாகம் நாட்டுக் கூத்தின் களிப்போடு விரைந்து செல்லுகையில் திடீரென நின்றுவிடுகிறது. மூன்று வாத்தியங்கள் அடியில் நடுங்க, முதற் பிடில் மிக உச்சத்தில் ஒரே ஸ்வரத்தை நீளப் பிடித்து நிற்கிறது. செவிடாகுமுன் அவர் காதுக்குள் ஓயாமல் ஒலித்த இரைச்சலே அந்த ஸ்வரம். அழுகைக்கென்று ஒரு மெட்டைத் தேடாமல், நோயின் ஒலியையே எழுதிவைத்த இத்துணிவை நாம் வேறெங்கும் எளிதிற் காணமாட்டோம். பிறகு முற்பாகங்களின் மெட்டுக்கள் நினைவுபோல் வந்து மறைய, இசை தேய்ந்து அடங்குகிறது.

வாசித்தற்கு மிகக் கடினமென்று பிராக் நகரத்தார் முதலில் இதனை ஒதுக்கினர். 1879-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில்தான் சபையோர் முன் வாசிக்கப்பெற்றது. அப்பொழுது ஸ்மெதனா செவியிழந்து நான்கு வருஷங்களுக்கு மேலாகிவிட்டன.