ஜெனீவாவுக்குக் கீழே என்ன இருக்கு?

நம்ம ஊர்ல போர் போடறதுக்கு முன்னாடி உள்ளங்கையில தேங்காயை வச்சுக்கிட்டு நீரோட்டம் பார்ப்பாங்க இல்லையா? ஜெனீவாவிலும் ரொம்ப காலம் கிட்டத்தட்ட அதே கதைதான். தேங்காய் மட்டும் கிடையாது :-)

1830களில் பக்கத்துல ப்ரென்யியில் ஆர்ட்டீசியன் கிணத்துக்காக 200 மீட்டருக்கு மேல துளைச்சாங்க. ஓகுஸ்த் த லா ரீவ், மார்செ என்ற ரெண்டு பேர் அதுல தெர்மாமீட்டரை இறக்கி, கீழே போகப்போகச் சூடு ஏறுவதை அளந்து எழுதினாங்க. அப்புறம் 1969ல், எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சின் உமிய்யியில், எண்ணெய் தேடி 3,000 மீட்டருக்கு மேல போனாங்க. எந்தப் பாறை எந்த ஆழத்துலன்னு இங்குள்ள நிலவியல்காரங்களுக்குக் கிடைச்ச பெரிய சாட்சி அந்த ஒரு துளைதான்.

அந்தத் தெம்புல 1993ல் தோனெவில் சுமார் 2,700 மீட்டர் துளைச்சாங்க. சூடு 80 டிகிரிக்கு மேல. ஆனா தண்ணிதான் வரலை! சுண்ணாம்புப் பாறையில தண்ணி விரிசல்லயும் குகையிலயும்தான் ஓடும். விரிசலைத் தவறவிட்டா போச்சு. அதோட ரொம்ப வருஷத்துக்கு இங்கே ஆழத்துளை போடவே இல்லை. நடுவுல 2006ல் பாசலில் பாறைக்குள்ள தண்ணியை அழுத்தினப்போ நிலம் அதிர்ந்தது வேற பயத்தைக் கிளப்பிச்சு.

மாநில அரசும் எஸ்.ஐ.ஜி.யும் அப்புறம் புத்திசாலித்தனமா மேலேயிருந்து ஆரம்பிச்சாங்க. 2018ல் சத்தினியியில் வெறும் 744 மீட்டர்ல, பம்ப்பே இல்லாம, வினாடிக்கு சுமார் 50 லிட்டர், 33 டிகிரித் தண்ணி பீறிட்டு வந்தது. 2021ல் அதிர்வு லாரிகளை ஓட்டி முப்பரிமாண வரைபடத்துக்கு அளந்தாங்க. அந்த லாரிகள் எல்லையையும் தாண்டிப் போச்சு. பாறைக்குப் பாஸ்போர்ட் ஏது?

வரைபடம் வெறும் சூட்டுக்கு மட்டுமில்ல. 2010ல் வந்த ஒரு ஆய்வு, சுவிட்சர்லாந்தின் ஆழமான உப்புநீர்ப் பாறைகள்ல 268 கோடி டன் கரியமில வாயுவை அடைக்கலாம்னு கணக்குப் போட்டது. நார்வேயின் ஸ்லைப்னரில் 1996லிருந்து கடலுக்கடியில அப்படித்தான் அடைச்சாங்க. ஆனா அந்த 268 கோடி காகிதக் கணக்கு. தோனெவும் காகிதத்துல நல்லாத்தான் இருந்தது. ஒரே பாறையில வாயுவை அடைச்சிட்டு, அதே இடத்துல வெந்நீரும் எடுக்கிறது கஷ்டம். யார் முதல்ல துளைக்கிறாங்களோ அவங்களுக்குன்னு விட்டா சண்டைதான்.

மேல்மட்ட நிலத்தடி நீருக்கு இந்தச் சண்டை ஏற்கெனவே வந்தது. ரெண்டு பக்கமும் உறிஞ்சி மட்டம் இறங்கினதும், 1978ல் ஜெனீவாவும் பிரான்சின் ஓத்-சவுவாவும் ஒப்பந்தம் போட்டாங்க. 1980லிருந்து ஆர்வ் ஆத்துத் தண்ணியை வெஸ்ஸியில் சுத்தம் பண்ணி நிலத்துக்குள்ள இறக்குறாங்க. மட்டம் மறுபடி ஏறிச்சு.