இருபடிச் சார்பின் மீள்செயல்

ஓர் எண்ணை வர்க்கித்து, அவ்வர்க்கத்திலிருந்து ‘அ’ என்னும் மாறிலியைக் கழித்து, கிடைத்ததை மறுபடியும் வர்க்கித்துக் கழித்து, இவ்வாறே முடிவின்றித் தொடர்ந்தால் அவ்வெண் ஓரிடத்தில் நிலைபெறுமா, சில எண்களிடையே சுழன்று வருமா, அன்றி அனந்தத்தை நோக்கி ஓடிவிடுமா என்னும் வினாவே இத்துறையின் வித்து. எண்ணையும் மாறிலியையும் சிக்கலெண்களாகக் கொண்டால், மாறிலிகள் வாழும் தளம் பரமானத் தளம் எனப்படும்.

தமிழ்நாட்டில் இவ்வினா வேறொரு வேடத்தில் எழுந்தது. வி. இராமசுவாமி ஐயர் 1907 இல் தோற்றுவித்த இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில், இராமானுஜன் 1911 முதல் வாசகருக்கு விடுத்த வினாக்களுள் 507 ஆம் வினா மூன்று சமன்பாடுகளைத் தீர்க்கச் சொல்கிறது: முதலெண்ணின் வர்க்கம் இரண்டாம் எண்ணோடு ‘அ’ கூட்டியதற்குச் சமம், இரண்டாவதன் வர்க்கம் மூன்றாவதோடு கூட்டியதற்கும், மூன்றாவதன் வர்க்கம் மீண்டும் முதலெண்ணோடு கூட்டியதற்கும் சமம். இது மேற்கூறிய மீள்செயலின் மூன்றடிச் சுழற்சியே அன்றி வேறன்று. எட்டாம்படிச் சமன்பாடாகிய இதில், அசையாது நிற்கும் இரண்டு தீர்வுகளை நீக்கினால் எஞ்சும் ஆறும் இரு சுழற்சிகளாகப் பிரியும். அப்பிரிவினைக்கு வேண்டுவது ‘4அ − 7’ என்பதன் வர்க்கமூலம். இராமானுஜன் 8 என்னும் எண்ணை எடுத்தது தற்செயலன்று. அப்போது உள்ளே 25 நிற்க, மூலம் 5 என முழுமையாய் வெளிவருகிறது. கழித்தல், கூட்டல், கழித்தல் என்னும் குறிகள் மாறாத வரிசையில் மீண்டும் மீண்டும் வர, 8 இன் மேல் வர்க்கமூலங்களை முடிவின்றி அடுக்கினால் கிடைக்கும் மதிப்பை 20 பாகையின் சைன் கொண்டு அவர் எழுதினார். முன்னோக்கிச் செல்கையில் அயலெண்களை விலக்கித் தள்ளும் சுழற்சி, மூலம் எடுத்துப் பின்னோக்கி வருகையில் அவற்றையே ஈர்ப்பதால்தான் அவ்வடுக்கு ஒரு மதிப்பில் ஒடுங்குகிறது. 722 ஆம் வினா நான்கடிச் சுழற்சியைப் பற்றியது.

ஐரோப்பாவில் 1917 முதல் 1920 வரை பியேர் ஃபாத்தூவும், 1915 இல் போர்முனையில் முகத்தில் காயமுற்று மூக்கை இழந்த காஸ்தோன் யூலியாவும் சிக்கலெண் மீள்செயலின் அடிப்படைகளைத் தனித்தனியே நிறுவினர். படம் வரையக் கணிப்பொறி இல்லாத காலம். ஆகவே பரமானத் தளத்தின் உருவம் நெடுநாள் மறைந்தே கிடந்தது. அத்தளத்தில், சூனியத்திலிருந்து தொடங்கும் மீள்செயல் அனந்தத்தை நோக்கி ஓடாத மாறிலிகளின் கணத்துக்கு 1978 இல் புரூக்ஸும் மட்டெல்ஸ்கியும் அச்செழுத்துக்களால் ஒரு கரட்டுப் படம் அமைத்தனர். 1980 இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் மாண்டல்பிராட் அதை விரிவாகக் கண்டார். அக்கணம் துண்டுபடாத ஒன்றென நிறுவி, அதற்கு அவர் பெயரையே சூட்டியவர்கள் துவாடியும் ஹப்பார்டும்.

‘அ’வின் குறியை மாற்றி அக்கணத்தின் மெய்யச்சில் இடப்புறமாய் நடந்தால், முழுக் கணத்தின் உருவையே சிறிதாகக் கொண்ட ஒரு பிரதி எதிர்ப்படும். அதன் கூர்முனை அமைந்திருப்பது −7/4 இல். அதாவது இராமானுஜனின் ‘4அ − 7’ சூனியமாகி, இரு சுழற்சிகளும் ஒன்றாகும் ஸ்தானத்தில். அதற்கு இப்பால் மெய்யெண்களில் மூன்றடிச் சுழற்சி இல்லை. அப்பாலோ, ஷார்கோவ்ஸ்கி 1964 இல் நிறுவிய தேற்றத்தின்படி, எல்லா நீளச் சுழற்சிகளும் உண்டு. இதைக்கொண்டு இராமானுஜன் அக்கணத்தை முன்னரே கண்டார் என்று புகழ்வது மிகையாகும். அவர் நாடியது மூலங்களின் அழகையே. எனினும் அவருடைய இயற்கணிதம் சுட்டிய புள்ளி படத்தில் உள்ள புள்ளியே என்பதில் ஐயமில்லை.

அவருடைய இரண்டாம் குறிப்பேட்டின் நான்காம் அத்தியாயமும் மீள்செயல் பற்றியதே. அடுக்குக்குறிச் சார்பிலிருந்து ஒன்றைக் கழித்துப் பன்முறை இயற்றினால் வரும் தொடரின் குணகங்கள், இயற்றிய தடவையின் பல்லுறுப்புக் கோவைகளாக அங்கே அமைகின்றன; ஆகவே தடவை முழு எண்ணாய் இருக்கவேண்டுவதில்லை, அரைத்தடவை இயற்றுவதற்கும் ஒரு தொடரை எழுதிவிடலாம். ஆனால் அச்சார்பு சூனியத்தினருகே ஈர்ப்பதுமன்று, விலக்குவதுமன்று என்னும் இடைநிலையில் நிற்பது. அத்தொடர் முழு எண் தடவைகளுக்கு மட்டுமே ஒருங்கும், ஏனையவற்றுக்கு எவ்வளவு சிறிய வட்டத்திலும் ஒருங்காது என்று ஐ. என். பேக்கர் 1958 இல் நிறுவினார்.