ஏல், லாகர், அரிசிக்கள்

எனக்குப் பிடித்தது ஏல். தூத்துக்குடி வெக்கைக்குச் சில்லென்ற லாகர்தான் சரி என்பார்கள் தோழிகள். எங்கள் நாக்கு இப்படிப் பிரிந்ததற்குப் பின்னால் பெண்களின் உழைப்பு வரலாறு இருக்கிறது.

ஏல் வெதுவெதுப்பில் சில நாட்களில் நொதித்துவிடும். அடுப்படியும் பானையும் போதும். லாகர் குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். இங்கிலாந்தில் 1300 வாக்கில் ஏல் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஹாப்ஸ் சேர்த்த, எளிதில் கெடாத பீர் பரவி, தொழில் பெருத்து, முதலீடு கேட்டது. 1600க்குள் அது ஆண்கள் கைக்குப் போனதை ஜூடித் பென்னட் விரிவாக எழுதியிருக்கிறார். 1842இல் பில்சனில் பொன்னிற லாகர் பிறந்தது. 1870களில் வந்த லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் அதை உலகெங்கும் ஆலைப் பண்டமாக்கியது.

எங்கள் முத்துக்கரையின் கொற்கையிலும் கள் குடிப்போர் பாக்கம் இருந்ததென்கிறது மதுரைக்காஞ்சி. பெரும்பாணாற்றுப்படையோ வலைஞர் குடியிருப்பின் செய்முறையையே தருகிறது: அரிசிக் கூழை ஆற்றி, நெல்முளை மாவு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட வேண்டும். முளைத்த தானியம், வெப்பம், சாடி: இது ஏலுக்குத்தான் உறவு. அதியமானோடு கள் பகிர்ந்ததை ஔவை கூச்சமின்றிப் பாடினாள்.

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசிடம் இருக்கிறது. பீர் என்றால் பெரும்பாலும் லாகர்தான். வரிசையில் ஒரு பெண் நின்றாலே திரும்பிப் பார்க்கிறார்கள். அவளுக்கு எது பிடிக்கும் என்று யார் கேட்கப்போகிறார்கள்?